மிளகு போட்ட கஷாயம்

உத்தமனின் உடம்பு அவன் அக்காவின் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, அவன் மனைவி தாரணிக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கூடப் பிறந்தவள் தன் வயிற்றைக் கிழித்து எடுத்துக் கொடுத்தது அது. அதைப் போய் வேண்டாம் என்று சொல்ல இந்த உடம்புக்கு என்ன திமிர்? தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இங்கே தசைதான் முதல் ஆளாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். உத்தமனுக்குச் சொந்த ஊர் குடியாத்தம். பெங்களூரில், பீன்யாவில் மெஷின் பாகங்கள் கடையும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தான். அவனுக்கு மூத்தவள் யசோதா. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷனைப் பறிகொடுத்தவள், அதற்குப் பிறகு தம்பியைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இருப்பதாகக் காட்டிக்கொண்டதில்லை. தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டதென்று தெரிந்த மறுநாளே, தன்னிடம் இரண்டு இருக்கிறதே, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெட்டியோடு வந்து இறங்கினாள். ஆபரேஷன் முடிந்தபிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. விவேக் நகரில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டிலேயே தங்கி, சமையலறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை தோறும் நெற்றி நிறையத் திருநீற்றோடு குழந்தை ஏசு கோயிலுக்குப் போய்த் தம்பி பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவாள். எந்தச் சாமியானால் என்ன, காது கேட்டால் சரி என்பது அவள் கட்சி.

டாக்டர் ராஜலக்ஷ்மிக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "மருந்த இதுக்கு மேல ஏத்த முடியாதும்மா. ஏத்தினா கிட்னி பொழைச்சிக்கும், உங்க வீட்டுக்காரர் பொழைக்க மாட்டார்" என்றார். வேறொருவருடைய உறுப்பு உள்ளே வந்தால் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதைத் திருடன் என்று நினைத்துப் பாயும். மருந்து அந்த வெள்ளணுக்களை அடித்து உட்காரவைக்கிறது. ஒரேயடியாக அடித்துவிட்டால், நிஜத் திருடன் வரும்போது எழுந்து போய்த் தடுக்க ஆள் இருக்காது. தாரணிக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் பிழைப்பே வெள்ளணுக்களோடுதான்.

யஷ்வந்தபுரம் பக்கம் மூலிகைகளை ஆராயும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. சாவனதுர்கா மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு காட்டுக்கொடியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஊர்ப் பெயரும் கிடையாது, புத்தகப் பெயரும் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் பதினேழு என்று கூப்பிட்டார்கள். பதினேழின் சாறு வெள்ளணுக்களை அடிப்பதில்லை, கொல்வதில்லை; அவற்றிடம் ஏதோ பேசுகிறது. பெங்களூர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக ஒருவர் வந்து நின்று "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றால், முணுமுணுத்துக்கொண்டாவது இருவரும் நகர்ந்து இடம் விடுவார்கள் இல்லையா? வெள்ளணுக்களும் அப்படித்தான் நகர்ந்து கொடுத்தன.

வெள்ளை எலியின் முதுகில் கறுப்பு எலியின் தோலைத் தபால்தலை அளவுக்கு வெட்டி ஒட்டுவார்கள். வழக்கமாக அந்தத் துண்டு காய்ந்து கருகி உதிர்ந்துவிடும். பதினேழு குடித்த எலிகளுக்கு உதிரவில்லை. வெள்ளை முதுகில் கறுப்பு ரோமம் பளபளவென்று முளைத்தது. எலி அதைத் தன்னுடையது என்றே எண்ணி நாக்கால் நக்கிச் சுத்தம் செய்துகொண்டது. முதல் தடவை அதைப் பார்த்தபோது தாரணிக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் கூண்டைச் சட்டென்று மூடிவிட்டாள். ஏன் என்று அவள் யோசிக்கவில்லை.

எலிக்கு ஆனது மனுஷனுக்கு ஆகுமா என்று தெரிந்துகொள்ளப் பல வருஷ வேலை பாக்கி இருந்தது. உத்தமனிடம் அவ்வளவு வருஷம் இல்லை. ஒரு நாள் கைப்பைக்குள் பதினேழின் பொடியை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். படித்தவள் செய்கிற காரியமா இது என்று கேட்பவர்கள், கட்டியவன் முகம் நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

எலியின் எடையிலிருந்து மனுஷனின் எடைக்குக் கணக்குப் போட்டு, பயத்தில் அதிலும் பாதியாகக் குறைத்தாள். காலையில் அவள் சீக்கிரமே பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் கஷாயம் வைக்கும் பொறுப்பு யசோதாவுக்குப் போயிற்று. ஒரு சிட்டிகைப் பொடி, ஒரு டம்ளர் தண்ணீர், பாதியாகச் சுண்டியதும் வடிகட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக் கொடுத்தாள். உத்தமனிடம் ஆபீஸ் மூலிகை என்று மட்டும் சொன்னாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான்.

அடுத்த தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது டாக்டரே கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சிறுநீரகம் வேலை செய்தது. அதற்கடுத்த தடவை இன்னும் நன்றாகச் செய்தது. முகவீக்கம் வடிந்து, உத்தமன் மறுபடியும் கல்யாண போட்டோவில் இருந்த ஆள் போல ஆனான். தன் மருந்துதான் கடைசியில் பிடித்துக்கொண்டது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். தாரணி அவரை அப்படியே நினைக்க விட்டாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுது தீர்த்தாள்.

மழை முடிந்த கையோடு பெங்களூர் காலிமனைகளில் காங்கிரஸ் செடி என்கிற பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அது பூத்தால் உத்தமனுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். கம்பெனி பஸ்ஸில் அவன் ஏறினாலே கைக்குட்டை மாஸ்டர் வந்தாச்சு என்று கேலி செய்வார்கள். அந்த வருஷம் அவன் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. தாரணிக்கு அதுவும் நல்ல சகுனமாகவே பட்டது.

பிறகு ஒரு சாயங்காலம் பால்கனியில் பேசிக்கொண்டிருந்தபோது அவன் முழங்கையில் வரிசையாகக் கொசுக்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். வயிறு புடைத்து, இனி முடியாது என்கிற அளவுக்குக் குடித்துவிட்டுத்தான் அவை எழுந்தன. அவன் கையை உதறவில்லை. கடித்த இடத்தில் தடிப்பில்லை, அரிப்பில்லை. கொசு கடித்ததே தெரியவில்லையா என்று கேட்டாள். தெரிந்தது, ஆனால் தொந்தரவாக இல்லை என்றான்.

அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் தோலுக்கு அடியில் ஏதோ நெருடியது. லேத்திலிருந்து தெறிக்கும் இரும்புச் சுருள்கள் பீன்யாவில் வேலை செய்கிறவர்கள் கையில் குத்துவது சகஜம். குத்தினால் சிவக்கும், சீழ் வைக்கும், சீழோடு இரும்பும் வெளியே வந்துவிடும். உத்தமன் கையில் சிவப்பும் இல்லை, சீழும் இல்லை. இரும்பின் மேல் தோல் வழவழவென்று மூடிக்கொண்டிருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றல்ல, அந்தக் கை முழுக்க இருந்தது. எல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி அமைதியாகக் கிடந்தன.

இது கணக்கில் வராதது. அவள் கொடுத்த அளவுக்குச் சிறுநீரகம் தப்பினாலே அதிசயம். உடம்பு முழுக்கக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிற அளவுக்கு அதில் மருந்து கிடையாது. எங்கே தப்பு என்று அவளுக்குப் புரியவே இல்லை. ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தபோதுதான் சமையலறையிலிருந்து அந்த வாசனை வந்தது. யசோதா அம்மியில் மிளகும் திப்பிலியும் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பதினேழு கொதித்துக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு அண்ணி?" என்றாள் தாரணி.

"மொளகு போடாம கஷாயமா? அது வெறும் சுடுதண்ணி. மொத நாள்லேருந்தே போடறேனே" என்றாள் யசோதா.

தாரணி அம்மியிலிருந்து ஒரு மிளகை எடுத்துப் பார்த்தாள். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். மிளகும் திப்பிலியும் சேர்ந்தால் மருந்து உடம்பில் பலமடங்கு ஏறும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேஜைக்காரர்கள் வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்தார்கள். எலிக்குக் கணக்குப் போட்டவள், கணக்குப் போட்ட மருந்தைக் கஷாயம் என்று சொல்லி ஒரு குடியாத்தத்துக்காரியிடம் கொடுத்தால் அவள் கை மிளகு டப்பாவுக்குத்தான் போகும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. யசோதாவின் மேல் கோபப்படவும் முடியவில்லை. தானே வைத்திருந்தாலும் மிளகு போட்டுத்தான் வைத்திருப்பாள்.

உடனே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நன்றாக ஓடுகிற சிறுநீரகத்தோடு விளையாட அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில், முதுகில் கறுப்பு ஒட்டிய வெள்ளை எலி ஒன்றுக்கு மிளகோடு சேர்த்துப் பதினேழைக் கொடுத்து, என்ன ஆகிறதென்று பார்த்தாள்.

கறுப்பு நகர ஆரம்பித்தது. முதலில் தோளுக்கு ஏறியது, பிறகு விலாவில் இறங்கியது. வெள்ளை எலிக்குக் கண் சிவப்பு. ஒரு திங்கட்கிழமை கூண்டைத் திறந்தபோது அதன் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று கறுப்பாகவும் இருந்தது. அந்த வாரக் கடைசியில் இரண்டும் கறுப்பு. எலி நன்றாகச் சாப்பிட்டது, நன்றாகத் தூங்கியது, முன்னைவிடக் கொழுகொழுவென்று இருந்தது. வயிற்றில் மட்டும் தபால்தலை அளவுக்கு வெள்ளை மிச்சமிருந்தது. தாரணி அதைத் திருப்பிப் பிடித்து அந்த வெள்ளையை விரலால் அளந்து பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யசோதா எண்ணெய்க் கத்தரிக்காய் செய்திருந்தாள். யசோதாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது. தொட்டு நாக்கில் வைத்தாலே அரித்து உதடு வீங்கிவிடும். தம்பிக்கு அது உயிர் என்பதால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சமைப்பாள். உத்தமன் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினான். நாக்கைத் தேய்த்துக்கொண்டான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது. இரும்பையும் கொசுவையும் ஏற்றுக்கொண்ட உடம்புக்கு, ஆயுசு முழுக்கச் சாப்பிட்ட கத்தரிக்காய் ஆகவில்லை.

"அட, எனக்கு வர்ற மாதிரியே வருது பாரேன்" என்று யசோதா சிரித்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் தாரணி அவன் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போனாள். உத்தமன் பி பாசிட்டிவ். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு வைத்து, ரத்த வகை பார்க்கும் மருந்தைக் கலக்கினாள். பி என்றால் திரிய வேண்டிய இடத்தில் திரியவில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று தன் ரத்தத்தை வைத்துப் பார்த்தாள். மருந்து நன்றாகவே இருந்தது. உத்தமனின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது ஓ பாசிட்டிவ். அது யசோதாவின் ரத்தம்.

உறுப்போடு கூட, கொடுத்தவரின் அணுக்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். வழக்கமாக வீட்டுக்காரர்கள் அவற்றைத் தீர்த்துக்கட்டிவிடுவார்கள். இங்கே வீட்டுக்காரர்களை அவளே தூங்கவைத்துவிட்டாள். வந்தவை உட்கார இடம் கேட்டன, கிடைத்தது. படுக்க இடம் கேட்டன, அதுவும் கிடைத்தது. கடைசியில் எலும்புக்குள் போய்க் குடித்தனம் நடத்திக் குட்டியும் போட்டுவிட்டன. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். அவளுக்கு ஊரெல்லாம் கேட்க ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் பக்கத்து மேஜையில் ஆட்கள் இருந்தார்கள்.

அன்றைக்கே கஷாயத்தை நிறுத்தினாள், எலிக்கும் நிறுத்தினாள். பொடி தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொன்னாள். உத்தமனின் சொந்த வெள்ளணுக்களில் மிச்சம் மீதி இருப்பவை விழித்துக்கொண்டு வீட்டை மீட்டுக்கொள்ளும் என்று நம்பினாள். அப்படி விழித்தால் சிறுநீரகம் போகலாம். போனால் போகட்டும், டயாலிசிஸ் செய்தாவது இவனை இவனாக வைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உத்தமனின் உள்ளங்கைகள் சிவந்தன. பிறகு உள்ளங்கால்கள். பிறகு காது மடல்கள். நெருப்பில் காட்டின மாதிரி தோல் சுருண்டு உரிந்தது. டாக்டர் அலர்ஜி என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். தாரணி எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தாள். ஆனால் டாக்டர் கையில் இருப்பது அந்த ஏற்ற முடியாத மருந்து ஒன்றுதான் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். உத்தமன் வலியில் முனகக்கூட இல்லை. கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள யாரோ என்மேல கோவமா இருக்காங்க தாரணி" என்றான்.

ஆய்வுக்கூடத்தில் எலி செத்துக் கிடந்தது. புரட்டிப் பார்த்தாள். வயிற்றில் மிச்சமிருந்த அந்த வெள்ளைத் துண்டு காய்ந்து, கருகி, ஓரம் தூக்கிக்கொண்டு உதிர்ந்திருந்தது. எத்தனையோ எலிகளின் முதுகில் அவள் பார்த்த அதே கருகல். உடம்பு வேற்று ஆளின் தோலை எப்படி உதறுமோ அப்படியே உதறியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. விழித்துக்கொள்ள உத்தமனுடைய காவல் ஒன்றும் உள்ளே மிச்சமில்லை. விழித்தது யசோதாவின் காவல். அது கண்ணைத் திறந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தது. அதன் கண்ணுக்கு, அந்த உடம்பில் அந்நியனாகத் தெரிந்தவன் உத்தமன்.

அன்று மாலையே பொடி கிடைத்துவிட்டது என்று பாட்டிலை யசோதாவிடம் கொடுத்தாள். கஷாயம் குடித்ததும் கைகள் ஆறின. மிளகு இல்லாமல் கொடுத்துப் பார்த்தாள். காது மறுபடியும் சிவந்தது. மிளகு போட்டால் ஆறியது. புலி வாலைப் பிடித்தவள் கதை ஆயிற்று. கொடுத்தால் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவான். நிறுத்தினால் வெந்து சாவான். இனி அவன் சாகும்வரை காலையில் அந்த டம்ளர் அவன் கைக்குப் போயாக வேண்டும்.

இதற்குமேல் அவளால் தனியாகச் சுமக்க முடியவில்லை. உடம்பு அவனுடையது, முடிவும் அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நாள் காலை, அவன் கஷாயத்தோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது, அக்காவையும் தம்பியையும் எதிரில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிலைத் திருடியது, மிளகு, எலி, ரத்தம், ஒன்றையும் மறைக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை அழுகை வந்து நின்றுபோனது. யசோதா தன்னை அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள்.

இரண்டு பேரும் அடிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போது இருவருமே தலையை இடது பக்கம் லேசாகச் சாய்த்திருந்தார்கள். அது யசோதாவின் பழக்கம்.

"பயப்பட இதுல என்ன இருக்கு? அக்கா எனக்கு வேத்து ஆளா?" என்றான் உத்தமன்.

"அவன்கிட்ட நான் இருந்தா என்ன, என்கிட்ட அவன் இருந்தா என்ன. உயிரோட இருந்தா போதும்னு நீதானேம்மா கேட்ட" என்றாள் யசோதா.

தாரணி உத்தமனின் முகத்தையே பார்த்தாள். ஆரோக்கியமான முகம். அன்பான முகம். அவளைத் தேற்றுவதற்காகவே அவன் கையை நீட்டி அவள் தோளைத் தட்டினான், கேலியாகத்தான் சொன்னான்:

"யோசிச்சுப் பாரு, இந்த வீட்ல வெளியிலேருந்து வந்தது நீ ஒருத்திதான்."

அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரே நேரத்தில் தொடங்கி, முடிகிற இடத்தில் ஒரே மாதிரி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. இப்படிக் கேலி செய்யாத புருஷன் வீடு தமிழ்நாட்டில் கிடையாது. அவளும் எத்தனையோ தடவை கேட்டுச் சிரித்தவள்தான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. உரிந்து புதுத்தோல் வந்த அந்த உள்ளங்கை இன்னும் தோளில் இருந்தது, உள்ளே இரும்பு நெருடியது. அவன் கஷாயத்தை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குப் போனான். யசோதா துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனாள்.

டம்ளரை எடுத்துக்கொண்டு தாரணி சமையலறைக்குப் போனாள். பாத்திரத்தின் அடியில் கஷாயம் ஒரு வாய்க்கு மிச்சமிருந்தது. அவளுக்குள் யாருடைய உறுப்பும் இல்லை. இது தன்னை என்ன செய்யும் என்பதற்கு அவளிடம் எந்த எலியும் இல்லை. ஆனால் அவனை விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. போக முடியாதென்றால் இந்த இரண்டு பேருக்கு நடுவில் இந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும். இருப்பதற்கு அவள் உள்ளே ஏதோ ஒன்று நகர்ந்து கொடுத்தாக வேண்டும். ஊற்றிக் குடித்தாள். மிளகின் காரம் தொண்டையைச் சுட்டது. திரும்பியபோது யசோதா காலி வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தாரணி கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கழுவினாள்.

மறுநாள் காலை யசோதா இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்திருந்தாள். தாரணி தன்னுடையதை எடுத்துக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள்.